தகட்டுக்கு ஒட்டுப் போடலாமா?

உங்கள் வீட்டில் பழைய கார் ஒன்று இருக்கிறதா? இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். டிரைவர் கால் வைக்கிற இடத்தில் விரித்திருக்கும் மிதியடியைத் தூக்குங்கள். அதற்கு அடியில் ஒட்டியிருக்கும் கறுப்பு அட்டையையும் ஓர் ஓரமாக உரித்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தகட்டை நாலு இடத்தில் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று சத்தம் வந்தால் சந்தோஷம். மிதியடியைப் பழையபடி விரித்துவிட்டு இந்த இதழின் தொடர்கதைப் பக்கத்துக்குப் போய்விடலாம். பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கி, துவாரத்தின் வழியே தெரு தெரிந்தால், இந்த வாரம் நான் எழுதியிருப்பது உங்களுக்குத்தான்.

திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தகப்பனார் ஓட்டிய அம்பாஸடர் காரை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறாராம். கடற்காற்று காரின் அடிவயிற்றைத் தின்றுகொண்டிருக்கிறது. கணவர் கைபேசியில் நாலைந்து படங்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? நானே பற்ற வைத்து விடுகிறேன்" என்று ஒரு வெல்டிங் மிஷினை வாங்கி வந்து ஷெட்டில் வைத்துவிட்டார். "இவரைத் தடுக்கட்டுமா, அல்லது நானும் கூடவே கற்றுக் கொள்ளட்டுமா?" என்பது அம்மாளின் கேள்வி.

கேள்வியின் இரண்டாவது பாதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கற்றுக் கொள்ளலாம், தாராளமாக. ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்துகொண்ட பிறகு.

இந்த வேலையை வீட்டில் செய்கிற பழக்கம் இங்கிலாந்தில்தான் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க அங்கே உப்பைத் தூவுகிறார்கள். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பின் கதி என்னவென்று உப்பு ஜாடியின் தகர மூடியைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்துடன் எம்.ஓ.டி. என்று ஒரு பரீட்சையும் இருக்கிறது. 1960-ல் பழைய கார்களுக்கென்று ஏற்பட்டது. இப்போது மூன்று வயதைத் தாண்டிய கார்கள் வருஷா வருஷம் எழுத வேண்டும். பெல்ட் மாட்டும் இடம், ஸ்பிரிங் மாட்டும் இடம் இவற்றின் அருகில் துரு ஓட்டை இருந்தால் பெயில்! அங்கே பட்டறைக்காரர் மணிக் கணக்கில் கூலி வாங்குகிறவர். நாலு ஓட்டைக்குக் கேட்கிற கூலி காரின் விலையையே தாண்டிவிடும். ஆகவே, குமாஸ்தாவும் வாத்தியாரும் சாயங்காலப் பள்ளிக்கூடத்தில் வெல்டிங் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காரின் அடியில் புகுந்துவிடுகிறார்கள்.

நம் வாசகியின் அம்பாஸடரும் அந்த ஊர்ச் சீமாட்டிதான். ஆக்ஸ்போர்டு நகரத்தையடுத்த கௌலியில் செய்துகொண்டிருந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை, 1950-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கருகே உத்தரபாராவில் செய்ய ஆரம்பித்தார்கள். 2014 வரையில் செய்தார்கள். பாடியின் அமைப்பு அதேதான். அங்கே எந்த இடத்தில் துருப் பிடித்ததோ, இங்கேயும் அதே இடங்களில்தான் பிடிக்கும்: கால் வைக்கும் தளம், கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, பின் சக்கரத்தின் மேலே உள்ள வளைவு, டிக்கியின் தரை.

நம் ஊரில் பனியில்லை. உப்பு மட்டும் காற்றிலேயே வருகிறது. போதாக்குறைக்கு 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் வந்த 'மிக்ஜாம்' புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. என்ஜினைப் பிரித்துப் பார்த்தவர்கள் அநேகம் பேர். தரை விரிப்பைப் பிரித்து உலர்த்தியவர்கள் சொற்பம். விரிப்புக்கு அடியில் தங்கிய ஈரம் அவசரப்படாமல் தன் வேலையைச் செய்யும். பதினைந்து வயதான காரைப் புதுப்பிக்க எஃப்.சி.க்குக் கொண்டுபோகும்போதுதான் சமாசாரம் வெளியே வரும்.

சரி, வெல்டிங் என்றால் என்ன? பித்தளைப் பாத்திரத்தில் ஓட்டை விழுந்தால் ஈயப் பற்று வைக்கிறோமே, அது வேறு. அங்கே ஈயந்தான் உருகுகிறது, பாத்திரம் உருகுவதில்லை. வெல்டிங்கில் இரண்டு தகடுகளின் விளிம்புகளே உருகி ஒன்றாகிவிடுகின்றன. எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். மின்சாரப் பொறியின் உஷ்ணமோ பல ஆயிரம் டிகிரி. காரின் தகடு ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியது. இருபதாம் கேஜ் தகடு என்பார்களே, அது 0.9 மில்லிமீட்டர். தொல்லையெல்லாம் இதில்தான் இருக்கிறது. கண நேரம் அதிகமாக நின்றால், ஒட்டை அடைப்பதற்குப் பதில் இன்னும் பெரிய ஓட்டை கிடைக்கும்!

மிஷின் வாங்கும்போதே பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் மலிவாகக் கிடைப்பது குச்சி வைத்துப் பற்றவைக்கும் மிஷின். ராடு வெல்டிங் என்பார்கள். ஜன்னல் கம்பி, கேட்டு, மாடிப்படிக் கைப்பிடி இவற்றுக்கு அது உத்தமம். கார்த் தகட்டுக்கு அது முரடு. கைதேர்ந்தவர் மெல்லிய ராடை வைத்துக்கொண்டு சமாளிப்பார். புதிதாகக் கற்கிறவர் தகட்டைச் சல்லடையாக்கிவிடுவார். டிங்கர் பட்டறைகளில் நெடுங்காலமாக இருப்பது கேஸ் வெல்டிங். நீல ஜுவாலையை வைத்துக்கொண்டு அவர்கள் தகட்டைச் சொன்னபடி கேட்க வைப்பது ஒரு வித்தை. ஆனால் அஸெட்டிலீன் வாயு லேசுப்பட்டதல்ல. அளவுக்கு மீறி அழுத்தினால் காற்றோ நெருப்போ இல்லாமலே தானாக வெடிக்கக் கூடியது. அந்தச் சிலிண்டருக்கு வீட்டில் இடம் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுக்கு ஏற்றது 'மிக்' என்னும் முறை. கையில் துப்பாக்கி மாதிரி ஒன்று இருக்கும். விசையை அழுத்தினால் அதன் மூக்கிலிருந்து 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி தானாக வந்துகொண்டேயிருக்கும். கம்பியைச் சுற்றிக் கார்பன் டையாக்ஸைடோ, ஆர்கான் கலந்த வாயுவோ வந்து, உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் காக்கும். தையல் மிஷினில் ஊசியும் நூலும் ஒன்றாக இருந்தால் எப்படியிருக்கும், அப்படி.

தையல் தெரிந்த பெண்களுக்கு இந்த வேலை சீக்கிரம் பிடிபடும். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒட்டுப் போடும் முறையைப் பாருங்கள். முதலில் துருப்பிடித்த பகுதியைத் தயவு தாட்சண்யமில்லாமல் வெட்டியெடுத்து, பளபளப்பான நல்ல தகடு வரும் வரையில் போக வேண்டும். கிழிந்த துணியில், நைந்த இடத்தோடு சேர்த்து யாராவது ஒட்டுத் தைப்பார்களா? பிறகு ரவிக்கைக்குக் காகிதம் வெட்டுவது போல அட்டையில் அளவெடுத்து, அதே கனத்தில் புதுத் தகட்டை வெட்ட வேண்டும். மூலைகளை வட்டமாக்கிவிட வேண்டும். கூர்மையான மூலையில் சூடு குவியும். பின்னால் விரிசலும் அங்கேதான் ஆரம்பிக்கும். ஒட்டுக்கும் பழைய தகட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி.

இப்போது குண்டூசி குத்துவது போல் நாலு மூலையிலும் ஒவ்வொரு பொட்டு. விசையை அழுத்தி, ஒரு விநாடிக்குள் விட்டுவிட வேண்டும். அப்புறம் எதிரெதிர்ப் பக்கங்களில், ஓர் அங்குல இடைவெளி விட்டு, பொட்டுப் பொட்டாக. பிறகு அந்த இடைவெளிகளின் நடுவே. கடைசியில் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டு முழுக் கோடாகும். நடுநடுவே கை பொறுக்கும் சூட்டுக்குத் தகடு ஆறும் வரையில் காத்திருக்க வேண்டும். உள்ளங்கையளவு ஒட்டுக்கு அரை நாள் ஆனாலும் ஆகட்டும். ஒரே இழுப்பாக இழுத்துவிடலாம் என்று ஆசைப்பட்டால், தகடு நெருப்பில் காட்டிய அப்பளமாக நெளிந்துவிடும். நெளிந்த தகட்டைத் திருத்துவது ஓட்டையை அடைப்பதைவிடக் கஷ்டமான வேலை.

ஓட்டையின் பின்பக்கம் ஒரு செப்புத் தகட்டைப் பிடித்துக்கொண்டால் சூட்டை அது வாங்கிக் கொள்ளும். உருகிய எஃகு செம்பில் ஒட்டாது. (பாட்டியின் செப்புக் குடத்தை வெட்டும்படி நான் சொல்லவில்லை!) சரியாகப் பற்றுகிறதா என்பதைக் காதே சொல்லும். எண்ணெயில் வடை வேகும்போது ஒரே சீராகச் சலசலவென்று கேட்குமே, அந்தச் சத்தம் வர வேண்டும். 'பட், பட்' என்று வெடித்து, கம்பி கையை உந்தித் தள்ளினால், கம்பி வேகமாக வருகிறது, அல்லது மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம்.

காரில் கை வைக்கும் முன் இதையெல்லாம் வெறும் தகட்டில் பழக வேண்டும். டிங்கர் பட்டறையில் கழித்த துண்டுகளைக் கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு துண்டுகளைச் சேர்த்து, முதுகுப் பக்கம் திருப்பிப் பாருங்கள். சூடு மறுபக்கம் வரை ஊடுருவிய அடையாளம் தெரிய வேண்டும். பிறகு வைஸில் பிடித்து, சுத்தியலால் மடக்கி உடைக்கப் பாருங்கள். தகடு கிழிந்தால் ஒட்டு பாஸ். ஒட்டு பிளந்துகொண்டால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் பெயில். ஐம்பது துண்டாவது இப்படி உடைத்த பிறகு காருக்குப் போகலாம்.

"இதெல்லாம் ஆண்பிள்ளை வேலையல்லவா?" என்று யாராவது சொன்னால், லண்டனில் தேம்ஸ் நதி மேல் இருக்கும் வாட்டர்லூ பாலத்தைக் காட்டுங்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அதைக் கட்டியவர்களில் பெண்கள் ஏராளம். 1945 டிசம்பரில் திறப்பு விழா நடந்தபோது மேடையில் ஆண்களுக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்கள். பெண்கள் வெல்டிங் செய்துகொண்டிருக்கும் புகைப்படங்கள் வெகு காலம் கழித்துத்தான் வெளியே வந்தன. அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்து ரிச்மண்ட் கப்பல் தளங்களிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் கப்பலுக்குத் தகடு பற்ற வைத்திருக்கிறார்கள். அடுப்படியிலிருந்து நேரே வந்தவர்கள் அவர்களில் பலர்.

இங்கேயும் வழியில்லாமல் இல்லை. அரசாங்கத் தொழிற் பயிற்சி நிலையங்களில் வெல்டர் பயிற்சி ஓராண்டுப் படிப்பு. எட்டாவது தேறியிருந்தால் போதும். திருச்சி பி.எச்.இ.எல். தொழிற்சாலையில் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஓராண்டு ஒதுக்க முடியாதவர்கள், பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவரை நாலு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவழைத்துக் கற்கலாம். கைபேசிப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், உங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தாது.

இனிமேல் சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். வெல்டிங் செய்யாத வீட்டார்களும் படிக்க வேண்டிய பகுதி இது.

முதலில் கண். வெல்டிங் வெளிச்சத்தில் புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது விழியின் மேல் தோலைச் சுட்டுவிடும். வேடிக்கை என்னவென்றால் உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மணி, பன்னிரண்டு மணி கழித்து, நடு ராத்திரியில், கண்ணில் மணலை வாரிப் போட்டாற்போல் உறுத்தும், தண்ணீராகக் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. பெரும்பாலும் இரண்டு நாளில் ஆறிவிடும் என்றாலும், அந்த இரவை மறக்க முடியாது. இதற்கு விளக்கெண்ணெய், தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எதையும் கண்ணில் விடாதீர்கள். கண் டாக்டரிடம் போங்கள்.

கறுப்புக் கண்ணாடி போதாது. முகம், கழுத்து முழுவதையும் மறைக்கும் முகமூடி வேண்டும். பத்தாம் எண், பதினோராம் எண் கருமையுள்ள கண்ணாடி போட்டது நல்லது. பொறி கிளம்பிய கணத்தில் தானாகவே கறுக்கும் முகமூடிகள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. மிஷினில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். வேலை செய்கிறவருக்கு முகமூடி இருக்கிறது. ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் குழந்தைக்கு என்ன இருக்கிறது? நேரே பார்க்காவிட்டாலும், வெள்ளையடித்த சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சுடும். ஷெட்டின் வாசலில் கனத்த திரை ஒன்று கட்டிவிட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்தது உடை. நைலக்ஸ், பாலியெஸ்டர் எதுவும் கூடாது. பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கனத்த பருத்தித் துணியில் முழுக்கைச் சட்டை, கால்சட்டை, தோல் கையுறை, மூடிய செருப்பு. புடவை வேண்டவே வேண்டாம். தலைப்பு எங்கே போகிறதென்று முகமூடிக்குள்ளிருந்து தெரியாது. தலைமயிரைக் கட்டித் துணிக்குள் செருகிக்கொள்ள வேண்டும். வளையல், மோதிரம் எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள், அதை மஞ்சள் சரட்டில் கோத்துச் சட்டைக்குள் போட்டுக் கழுத்து வரை பொத்தான் மாட்டிக்கொள்ளலாம். கழுத்தில் திறந்த இடத்தில் வெயிலில் சுட்டது போல் தோல் கன்றிவிடும். வீட்டில் யாராவது இருதயத்துக்கு 'பேஸ் மேக்கர்' வைத்திருந்தால், அவர்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

மூன்றாவதாக, மூச்சு. இது மிகவும் முக்கியம். துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால் வெண்புகை வரும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் மலேரியா போலக் குளிர் ஜுரம் கண்டு, மறுநாள் விட்டுவிடும். ஆகவே அந்தப் பூச்சை உரசி எடுத்துவிட்டே பற்றவைக்க வேண்டும். இதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. கிரீஸ், எண்ணெய்ப் பிசுக்குப் போக்க விற்கும் திரவங்கள் சிலவற்றில் டிரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன் என்ற ரசாயனங்கள் இருக்கின்றன. பிரேக் துடைக்கும் ஸ்பிரேக்கள் சிலவற்றிலும் உண்டு. இவற்றின் ஆவி வெல்டிங் வெளிச்சத்தில் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களைக் கொல்ல உபயோகித்தார்களே, அதே விஷவாயு. அப்போதைக்கு லேசான இருமலோடு போய், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். புட்டியின் மேல் 'குளோரோ' என்ற எழுத்து எங்கேயாவது தென்பட்டால், அதை ஷெட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தினாலே போதும்.

காற்றோட்டம் வேண்டும்; ஆனால் காற்று நேரே வேலையின் மேல் அடிக்கக் கூடாது. அடித்தால் காக்கும் வாயு கலைந்து, ஒட்டு தேனடை மாதிரி துவாரமாகிவிடும். கடற்கரை வீடுகளில் இது பெரிய அவஸ்தை. கதவுகள் திறந்திருக்க, விசிறி புகையை வெளியே இழுக்கும்படி வைத்துக்கொள்வதுதான் வழி.

நெருப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? பெட்ரோல் டாங்கியும், அது சம்பந்தமான குழாயும் அருகில் இருக்கவே கூடாது. கழற்றி வேறிடத்தில் வைக்க வேண்டும். காலி டாங்கிதானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். நிறைந்த டாங்கியைவிட ஆவி நிறைந்த காலி டாங்கி பொல்லாதது. பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். சீட்டு, பஞ்சு, தரை விரிப்பு, தார் பூசிய அட்டை எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். தளத்தின் மேலே பற்றவைக்கும்போது கீழே என்ன எரிகிறதென்று முகமூடி போட்டவருக்குத் தெரியாது. ஆகவே இன்னொருவர் வாளித் தண்ணீரோடும், தீயணைக்கும் கருவியோடும் மறுபக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது தண்ணீர் வேண்டாம். முதலில் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் வாளி. வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். பெட்டிப் பகுதிக்குள் விழுந்த பொறி, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு எழுந்துகொள்ளும் குணமுடையது.

இவ்வளவும் செய்தாலும், வீட்டுக்காரர் தொடக் கூடாத இடங்கள் சில இருக்கின்றன. அம்பாஸடருக்கு ஜீப் மாதிரித் தனியாகச் சட்டம் கிடையாது. தரைத் தகடும் கதவடிப் பெட்டியும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. கதவடிப் பெட்டியை முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். புதிதாகப் பற்றவைத்த பிறகு கதவு சாத்தாது. ஸ்பிரிங் மாட்டும் இடம், ஸ்டீயரிங் மாட்டும் இடம், பெல்ட் மாட்டும் இடம், இந்தக் கதவடிப் பெட்டி — நாலும் அனுபவஸ்தரின் வேலை. இந்தக் காலத்துப் புதுக் கார்களின் தூண்களோ விசேஷமான எஃகால் ஆனவை. அதில் கண்டபடி சூடு காட்டினால் பலம் போய்விடும்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஒரு தம்பதிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். பழைய கார் ஒன்றை வாங்கினார்கள். ஆலங்கட்டி மழையில் நசுங்கிய கூரையை அதற்கு முன்பே ஒரு பட்டறையில் மாற்றியிருந்தார்கள். கார்க் கம்பெனி நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் வெல்டிங் செய்யச் சொல்லியிருக்க, பட்டறைக்காரர் கூரையைப் பசை போட்டு ஒட்டிவிட்டார். புதுத் தம்பதிக்கு இது தெரியாது. 2013-ல் எதிரே வந்த வண்டி மோதியபோது கார் குலைந்து, இருவரும் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். தீயும் பற்றியது. உயிர் தப்பினார்கள், காயங்கள் பயங்கரம். 2017-ல் ஜூரிகள் அந்தப் பட்டறையின் பங்காக மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு தீர்மானித்தார்கள். பெயிண்ட் அடித்த பிறகு வெல்டிங்கும் பசையும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும்!

ஆகவே, நீங்கள் பற்றவைக்காமல் டிங்கரிடமே விட்டாலும், இந்தப் படிப்பு வீண் போகாது. பட்டி பார்க்கும் முன்பு வந்து பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். துருவின் மேலேயே பட்டியை அப்பி, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால், ஒரு மழைக்காலம் போனதும் குமிழ் விடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கைப்பையில் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகலாம். எஃகுத் தகட்டில் 'சட்'டென்று ஒட்டும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் வழுக்கிக்கொண்டு விழும். விற்கிறவரின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

திருவான்மியூர் அம்மாளுக்கு இன்னும் ஒன்றிரண்டு வார்த்தை. வாங்கி வந்த மிஷின் ராடு வெல்டிங் மிஷினாக இருந்தால், வீட்டுக் கேட்டை அதில் பழுது பார்க்கச் சொல்லுங்கள். காருக்கு 'மிக்' மிஷின் வேண்டும். பதினைந்து ஆம்பியர் பிளக்கில், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொன்ன பிறகு, மாட்டுங்கள். உங்கள் காரில் டிக்கியின் தரையும், கால் வைக்கும் தளத்தின் நடுப்பகுதியும் நீங்கள் இருவரும் பழகலாம். ஒட்டுப் போட்ட இடத்தின் பின்பக்கத்தை மறந்துவிட வேண்டாம். வெல்டிங் சூட்டில் அங்கே பெயிண்ட் எரிந்து போயிருக்கும். முன்னும் பின்னும் துரு தடுக்கும் பூச்சு அடித்து, கதவுகளின் அடியிலுள்ள தண்ணீர்த் துவாரங்களில் அடைந்த இலைச் சருகுகளை ஒரு குச்சியால் குத்திவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். ஈரத் தரையில் மின்சாரத்தோடு விளையாட்டு வேண்டாம். உரசிப் பளபளப்பாக்கிய தகடும் அந்த மாதங்களில் ஒரே ராத்திரியில் செம்பட்டை பூத்துவிடும். தை பிறந்ததும் பழைய தகட்டுத் துண்டுகளில் பழக ஆரம்பித்தால், பங்குனிக்குள் காருக்கு வந்துவிடலாம்.